வன்தட்டை நேரே தொடுதல்

(கிளிநொச்சியில் நிகழ்த்திய பொது உரையின் எழுத்து வடிவம்)



பழுதான வன்தட்டு ஒன்றை விண்டோஸ் கணினியில் செருகினால் திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றும். இந்தத் தட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபோர்மட் செய்யவேண்டும், செய்யட்டுமா என்று கேட்கும். அந்தப் பெட்டியைக் கண்ட பெரும்பாலானோர் 'ஓம்' என்று அழுத்திவிடுகிறார்கள். கணினியே கேட்கிறது, அப்படியென்றால் அதுதான் சரி என்று நினைக்கிறார்கள். இன்றைய உரையில் வேறொன்றும் உங்கள் மனதில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பெட்டிக்கு 'இல்லை' என்று சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பொருள் 'தட்டில் எதுவும் இல்லை' என்பதன்று. 'தட்டின் அட்டவணையை என்னால் வாசிக்க முடியவில்லை' என்பதுதான். அட்டவணை போனாலும் தட்டிலுள்ளவை பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அவற்றை எடுக்க அட்டவணையைச் சுற்றிக்கொண்டு தட்டை நேரே தொடத் தெரிந்த மென்பொருள் வேண்டும், அதைக் கையாளத் தெரிந்த ஆளும் வேண்டும். அந்த ஆட்கள் வன்னியிலேயே உருவாக வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஏன் வன்னியில்? 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்த பிறகுதான் கணினி இங்கே ஓரளவு பரவலாக வந்து சேர்ந்தது. ஊருக்கு மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் வைத்து ஓட்டினார்கள். கிளிநொச்சியில் வன்னிரெக் நிறுவனம் பிள்ளைகளுக்குக் கணினி கற்பித்தது. ஸ்டூடியோக்காரரும் கலியாணவீட்டு வீடியோக்காரரும் படங்களைத் தட்டில் சேர்க்கத் தொடங்கினார்கள். பிறகு 2008, 2009, போரின் கடைசி ஆண்டுகள். ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால்வரை போனபோது வீட்டோடு போனது கடதாசி மட்டுமா? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை இடாப்பு, அல்பம், எல்லாம் போயின. மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மறுபடி தொடங்கிய வாழ்க்கையின் முதல் ஆண்டுகள், வீட்டுத்திட்டப் படங்கள், சங்கக் கணக்குகள், கிராமப் பதிவுகள், மீள்குடியேறிய பின் நடந்த முதல் கலியாணங்கள், இவையெல்லாம் பெரும்பாலும் அப்போதைய மேசைக் கணினிகளின் தட்டுகளில் ஏறின. அந்தக் கணினிகள் இன்று அலுமாரியின் மேலேயோ கடையின் பின்னறையிலோ தூசி பிடித்துக் கிடக்கின்றன. கடதாசியில் இவ்வளவு இழந்த ஒரு மண்ணில், தட்டிலிருப்பதையும் ஒரு பெட்டிக்கு 'ஓம்' சொல்லி இழக்க நான் உடன்படமாட்டேன்.

இனி உள்ளே போவோம். கலியாணப் படம் ஒன்றைத் திறக்கிறீர்கள். படம் காட்டும் மென்பொருளுக்குத் தட்டு இருக்கும் இடமே தெரியாது. அது பணிசெயல் முறைமையிடம் கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கும். அங்கேயிருக்கும் கோப்பு முறைமை தன் அட்டவணையைப் பார்த்து, இந்தப் பெயருக்குரிய தரவு இத்தனையாம் செக்டரிலிருந்து இத்தனையாம் செக்டர்வரை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். செக்டர் என்பது தட்டின் மிகச் சிறிய துண்டு. பழைய தட்டுகளில் அது 512 பைட், புதியவற்றில் பெரும்பாலும் 4096. அந்த இலக்கங்கள் சாதனச் செலுத்திக்கு, நாங்கள் டிரைவர் என்று சொல்வதற்கு, போய்ச்சேரும். தட்டின் மின்சுற்றோடு பேசத் தெரிந்தது அந்த டிரைவர்தான். அது வாங்கித் தருவதைப் பணிசெயல் முறைமை தன் நினைவகத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டு மேலே அனுப்பும். அடுத்த முறை அதே படத்தைக் கேட்டால் தட்டுவரை போகவேண்டியதில்லை. எழுதும்போதும் இப்படித்தான்: முதலில் நினைவகத்தில் வைத்துவிட்டு, வசதிப்பட்டபோது தட்டில் எழுதும். எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால் கோப்பு பாழாவது இதனால்தான். ஜெனரேட்டரில் கணினி ஓட்டிய தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும்.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதில்லை. கமக்காரர் அமைப்புகள் கூடி, நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு பேசி, சிறுபோகத்துக்கு எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்று முடிவெடுத்த பிறகுதான் துருசு திறக்கும். தன் வயலுக்குத் தண்ணீர் போதவில்லை என்று ஒருவர் மண்வெட்டியோடு போய்க் குளக்கட்டை வெட்ட முடியாது. ஆனால் கட்டில் கசிவு கண்டால் அதன் அடிவரை இறங்கிப் பார்க்க யாருக்காவது அதிகாரம் இருக்கத்தான் வேண்டும். நேரடி அணுகல் என்பது கட்டுவரை போகும் அந்தப் பாதை. கோப்பின் பெயர், அனுமதி, அட்டவணை எதையும் கேட்காமல், இந்த இலக்கச் செக்டரில் இருப்பதை அப்படியே தா என்று கேட்கலாம், இதை அங்கே எழுது என்றும் சொல்லலாம். லினக்ஸில் முழுத்தட்டும் 'டெவ்' கோப்புறைக்குள் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரில் ஒரே பெரிய கோப்பாகத் தெரியும். நிர்வாகி உரிமை உள்ளவர் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கலாம். விண்டோஸிலும் 'பிசிக்கல் டிரைவ்' என்ற பெயரில் அதே வாசல் இருக்கிறது. ஆனால் அங்கே காவல் கூட.

அந்தக் காவல் ஏன் வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. டொஸ் காலத்தில் காவலே இல்லை. 'இன்ரரப்ட் 13' என்ற பயொஸ் சேவையை அழைத்தால் எந்த நிரலும் எந்தச் செக்டரிலும் எழுதலாம். 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' வைரஸ் ஃப்ளொப்பியின் தொடக்கச் செக்டரில் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய தொடக்கச் செக்டரை வேறோரிடத்தில் ஒளித்துவைத்தது. யாராவது தொடக்கச் செக்டரை வாசித்துப் பார்த்தால், இடையில் புகுந்து ஒளித்துவைத்த நல்ல பிரதியை எடுத்துக் காட்டியது. பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். தட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது யாரோ, அவர் காட்டுவதைத்தான் நீங்கள் காண்பீர்கள். பிறகு 1999 ஏப்ரல் 26 அன்று தாய்வானைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுதிய சிஐஎச் வைரஸ் உலகெங்கும் விழித்துக்கொண்டது. விண்டோஸ் 95, 98 முறைமைகளின் பலவீனத்தைப் பயன்படுத்தித் தட்டின் தொடக்கப் பகுதியை அழித்தது. சில கணினிகளின் பயொஸ் சில்லையும் பாழாக்கியது. தென்கொரியா பெரிதும் பாதிக்கப்பட்டது.

அதன் பிறகு வாசல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. விண்டோஸ் விஸ்டா முதல், பயன்பாட்டிலிருக்கும் தட்டுப் பகுதியின் செக்டர்களில் சாதாரண நிரல் ஒன்று நேரே எழுத முடியாது. ஆனால் பணிசெயல் முறைமையின் கருநிலைக்குள் ஓடும் டிரைவருக்கு அந்தத் தடை இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் காப்புப்பிரதி எடுக்கும் மென்பொருள், தட்டைப் பிரிக்கும் மென்பொருள், அழிந்ததை மீட்கும் மென்பொருள் எல்லாமே அந்த வழியாகத்தான் வேலை செய்யவேண்டும். அதனால் ஒரு சந்தை உருவானது. எல்டொஸ் என்ற நிறுவனம் 'றோடிஸ்க்' என்ற டிரைவரை விற்றது. மென்பொருள் எழுதுகிறவர்கள் அதை வாங்கித் தங்கள் நிரலோடு சேர்த்தால், விண்டோஸின் தடையைத் தாண்டித் தட்டை நேரே வாசிக்கலாம், எழுதலாம். முறையாகக் கையொப்பமிட்ட, சட்டப்படி விற்ற சரக்கு. இதில் மறைவு எதுவும் இல்லை.

2012 ஆகஸ்ட் 15. சவூதி அரம்கோ எண்ணெய் நிறுவனம். றமழானின் கடைசிப் பத்து நாட்களில் ஊழியர் பலர் விடுமுறையில் இருந்த நேரம். ஷமூன் என்று பின்னர் பெயர்பெற்ற தீம்பொருள் அந்நிறுவனத்தின் கணினிகளில் விழித்தது. கோப்புகளையும் தட்டின் தொடக்கச் செக்டரையும் மேலெழுதி அழித்தது. சுமார் 30,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்று நிறுவனமே அறிவித்தது. எண்ணெய்க் கிணறுகளை இயக்கும் வலையமைப்பு தனியாக இருந்ததால் உற்பத்தி நிற்கவில்லை. அதை எழுதியவர்கள் தட்டைத் தொடும் வழியைத் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. றோடிஸ்க் டிரைவரைத் தீம்பொருளுக்குள் பொதிந்து அனுப்பினார்கள். விண்டோஸ் அதன் கையொப்பத்தைப் பார்த்து உள்ளே விட்டது. வேலை முழுவதையும் ஒரு நல்ல டிரைவர் செய்துகொடுத்தது.

2016 நவம்பரில் ஷமூன் சவூதியில் மறுபடி வந்தபோது தெரிந்த ஒரு நுணுக்கத்தைப் பார்த்தால் டிரைவர் என்பது என்ன என்று விளங்கும். அதற்குள்ளும் அதே டிரைவர், அதே தற்காலிக உரிமம். அந்த உரிமம் 2012 ஆகஸ்டோடு காலாவதியாகிவிட்டது. எனவே தீம்பொருள் முதலில் கணினியின் நாட்காட்டியைப் பின்னுக்குத் தள்ளி 2012 ஆகஸ்டில் ஒரு நாளாக மாற்றியது. டிரைவர் நாளைப் பார்த்தது, உரிமம் செல்லும் என்று கண்டது, திறந்துவிட்டது. உரிமத்தைச் சரிபார்க்கத் தெரிந்த டிரைவருக்கு, எழுதச் சொல்கிறவர் யார், எதற்கு என்று கேட்கத் தெரியாது. 2022 பெப்ரவரி 23, உக்ரைன்மீது படையெடுப்பு தொடங்குவதற்குச் சில மணிநேரங்கள் முன்னர், அங்கே பரவிய ஹெர்மெட்டிக்வைப்பர் தீம்பொருள் செய்ததும் இதுவே. தட்டைப் பிரிப்பதற்கு உலகெங்கும் பலர் பயன்படுத்தும் ஈஸ்அஸ் மென்பொருளின் டிரைவரை எடுத்துத் தட்டுகளை அழித்தது.

சவூதி எங்கேயோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வன்னியிலிருந்து எத்தனை பிள்ளைகள் சவூதியிலும் கட்டாரிலும் வேலை செய்கிறார்கள்! அப்படி ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நாளை இருக்கப்போகிறவர் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். அங்கே போய் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்தெந்த டிரைவர்கள் இந்தக் கணினிகளில் ஏற அனுமதி உண்டு என்பதாக இருக்கட்டும்.

அழிக்கும் கதையை இத்தோடு நிறுத்துகிறேன். அதே பாதை மீட்பதற்கும் இருக்கிறது, இன்றைக்கு நான் அதிகம் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் கலியாணவீடுகளுக்கும் கோவில் திருவிழாக்களுக்கும் படம் எடுத்த ஒருவரின் தட்டு என்னிடம் வந்தது. 160 ஜிகாபைட், அகலப் பட்டைக் கேபிள் செருகும் பழைய ஐடிஇ வகை. அதற்கு முன்பே யாரோ அந்தப் பெட்டிக்கு 'ஓம்' சொல்லிவிட்டிருந்தார்கள். தட்டு சுழன்றது. இடையிடையே 'டிக், டிக்' என்று ஒரு ஓசை. தலை ஓரிடத்தை வாசிக்க முயன்று முடியாமல் திரும்பத் திரும்பத் தொடங்குகிற ஓசை அது. இப்படிப்பட்ட தட்டை விண்டோஸில் மாட்டிக் கோப்புகளைத் தேடத் தொடங்கினால், நல்ல பகுதி கெட்ட பகுதி என்று பாராமல் முறைமை மோதிக்கொண்டே இருக்கும். மோத மோதத் தலை தேயும், தட்டு செத்துவிடும். எனவே செய்யவேண்டியது ஒன்றுதான். தட்டில் ஒரு பைட்டும் எழுதாமல், முதலிலிருந்து கடைசிவரை அப்படியே வேறொரு நல்ல தட்டுக்கு நகல் எடுப்பது. தேடுவதெல்லாம் பிறகு நகலில்.

அதற்கு நான் எடுத்தது ஸ்பெயினைச் சேர்ந்த அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ. இலவச மென்பொருள். அது வேலை செய்யும் விதம் ஒரு நல்ல வைத்தியர் வேலை செய்வதுபோல என்று சொல்லத் தோன்றும், ஆனால் நேராகவே சொல்கிறேன். முதற் சுற்றில் தடையின்றி வரும் பகுதிகளை மட்டும் வேகமாக அள்ளும். கெட்ட இடம் வந்தால் அங்கே நின்று முரண்டு பிடிக்காது, தாவி அப்பால் போகும். அடுத்து முடிவிலிருந்து பின்னோக்கி வந்து, தாவிய இடங்களை மறுபக்கத்தால் நெருங்கும். மிச்சத்தைச் செக்டர் செக்டராகச் சுரண்டும். நடந்ததையெல்லாம் ஒரு சிறு எழுத்துக் கோப்பில் குறித்துவைக்கும். கிடைத்ததற்குக் கூட்டல் குறி, வாசிக்க முடியாததற்குக் கழித்தல் குறி, இன்னும் தொடாததற்குக் கேள்விக்குறி. நடுவில் கரண்ட் போனாலும், தட்டு சூடாகிவிட்டதென்று நிறுத்தினாலும், அந்தக் கோப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நமது மின்சாரத்துக்கு ஏற்ற குணம் அது.

அதற்கு ஒரு சிறு தெரிவு உண்டு, நேரடி அணுகல். சாதாரணமாக வாசித்தால் லினக்ஸ் தன் நினைவகப் பிரதியை நடுவில் வைத்துக்கொண்டு, வசதிக்காக 4096 பைட் பக்கங்களாகவே வாங்கும். 512 பைட் செக்டர்கள் எட்டு ஒரு பக்கத்தில் அடங்கும். அந்த எட்டில் ஒன்று கெட்டிருந்தால், மற்ற ஏழும் நல்லவையாக இருந்தும் எட்டுமே கைவிட்டுப் போகக்கூடும். நேரடி அணுகலைத் தெரிவுசெய்தால் நடுவிலிருக்கும் நினைவகப் பிரதி விலகும், ஒவ்வொரு செக்டரையும் தனியாகக் கேட்கலாம். கழித்தல் குறி விழுந்த இடங்கள் எட்டுச் செக்டரிலிருந்து ஒன்றாகச் சுருங்குவதை அந்த எழுத்துக் கோப்பில் கண்ணால் பார்க்கலாம். ஒரு முகத்தில் பாதி போவதற்கும் ஒரு கோடு மட்டும் போவதற்கும் இடையிலான வேறுபாடு சில வேளைகளில் அந்த ஏழு செக்டர்கள்தான்.

நகல் முடிந்தபின் அதில் தேடியது ஃபோட்டோரெக். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய இதுவும் இலவசம். அட்டவணையை இது பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்துக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஜேபெக் படம் எப்போதும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும். அந்த அடையாளத்தைச் செக்டர் செக்டராகத் தேடி, கண்ட இடத்திலிருந்து படத்தை வெளியே எடுக்கும். ஃபோர்மட் செய்தவர் அட்டவணையைத்தான் அழித்திருந்தார், படங்கள் வந்தன. கலியாணப் பந்தல்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன கூட்டம், பாடசாலை விளையாட்டுப் போட்டி, தகரக் கொட்டிலுக்கு முன்னால் நிற்கும் குடும்பங்கள்.

படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. கோப்பின் பெயரும் கோப்புறையின் பெயரும் அட்டவணையில்தான் இருக்கும், அது போய்விட்டது. ஃபோட்டோரெக் ஒவ்வொரு படத்துக்கும் தட்டில் அது கிடந்த இடத்தின் இலக்கத்தையே பெயராக வைக்கும். படத்துக்குள் கமரா எழுதிய நாள் இருக்கும். கமராவின் பற்றரி போய்க் கடிகாரம் மாறியிருந்தால் அதையும் நம்ப முடியாது. இனி வேலை கணினிக்கு இல்லை. ஊரில் வயதானவர்களை உட்கார்த்தி, திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, இது யாருடைய கலியாணம், இந்தப் பிள்ளை யார், இந்த வேலி யாருடைய வளவு என்று கேட்கவேண்டும். ஓர் அம்மா சேலையை வைத்து ஆளைச் சொல்லுவார். ஒரு ஐயா பின்னாலிருக்கும் மாமரத்தை வைத்து வீட்டைச் சொல்லுவார். தட்டை வாசிக்கத் தெரிந்த பிள்ளையும் ஊரை வாசிக்கத் தெரிந்த பெரியவரும் ஒரே மேசையில் இருந்தால்தான் இது முடியும். கொழும்புக்கோ சென்னைக்கோ தட்டை அனுப்பினால் படங்கள் வரும், பெயர்கள் வரா. வன்னியில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுவே.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2017 பெப்ரவரி 20 அன்று இதே கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் இருந்தது தங்கள் பிள்ளையின் ஒரு படம். சில வீடுகளில் அந்த ஒரு படத்தைத் தவிர வேறில்லை. யாரோ ஒருவரின் கலியாணப் படத்தின் ஓரத்தில், பந்தலில் சாப்பாடு பரிமாறிக்கொண்டு, அந்தப் பிள்ளை நிற்கக்கூடும். எந்தத் தட்டில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்தத் தட்டையும் பெறுமதியற்றது என்று எறிய வேண்டாம்.

படம் ஒருநாள் சான்றாகத் தேவைப்பட்டால், எடுத்த விதமும் கேள்விக்குள்ளாகும். தட்டில் எழுத்து ஏறவில்லை என்பதை உறுதிசெய்ய எழுத்துத் தடுப்பி என்ற சிறு கருவி இருக்கிறது. தட்டுக்கும் கணினிக்கும் நடுவில் மாட்டினால் வாசிப்பை விடும், எழுதும் கட்டளையை நிறுத்தும். நகல் எடுத்தவுடன் ஷா-256 என்ற கணிப்பால் அதன் கைரேகையைக் குறித்து, நாளும் பெயரும் இட்டு வைக்கவேண்டும். நகலில் ஒரு பைட் மாறினாலும் கைரேகை மாறிவிடும். இரண்டும் பழகிவிட்டால் கூடுதலாகச் சில நிமிட வேலை.

வெள்ளத்தில் நனைந்த தட்டு பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது பல கணினிகள் நனைந்தன. நனைந்ததற்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள், அரிசிப் பானைக்குள்ளும் வைக்காதீர்கள். மூடியைத் திறக்காமல் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

இந்த மீட்பு வேலைக்குக் காலக்கெடு உண்டு. நான் சொன்னதெல்லாம் சுழலும் தட்டுக்கு. சுழலாமல் சில்லுகளில் எழுதும் எஸ்எஸ்டியில் கதை வேறு. அதற்குள் இருக்கும் சிறு கணினி, நீங்கள் கேட்கும் இலக்கத்தை ஒரு பட்டியலைப் பார்த்து வேறோர் இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். நேரே தொடுகிறோம் என்று நாங்கள் நினைப்போம், உண்மையில் அதன் பட்டியலைத்தான் தொடுவோம். ஒரு கோப்பை அழித்தால் பணிசெயல் முறைமை 'ட்ரிம்' என்ற கட்டளையை அனுப்பும், உள்ளிருக்கும் சிறு கணினி அந்த இடத்தைத் துடைத்துவிடும். ஃபோட்டோரெக் போய்த் தேடினால் வெறுமை. எழுதி எழுதி ஆயுள் முடிந்த எஸ்எஸ்டியை மின்சாரமின்றி வைத்தால் தரவு எவ்வளவு காலம் நிற்கவேண்டும் என்பதற்கு ஜெடெக் நியமம் வைத்திருக்கும் கணக்கு, வீட்டுப் பாவனைக்குரியவற்றுக்கு 30 பாகை செல்சியஸில் ஓராண்டு. புதியது அதைவிட நெடுங்காலம் நிற்கும், ஆனாலும் வன்னியின் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அலுமாரியை நினைத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் தரவு மறைகுறியாக்கப்பட்டே எழுதப்படுவதால், சாவி இல்லாமல் சில்லை நேரே வாசித்தாலும் பயனில்லை. ஆகவே அட்டவணையைச் சுற்றிக்கொண்டு போய் எடுக்கக்கூடிய தலைமுறைத் தட்டுகள், 2000 தொடக்கம் சுமார் 2015 வரையானவை, இப்போதே எடுக்கப்படவேண்டும். ஐடிஇ செருகி உள்ள கணினி இப்போதே அருமையாகிவிட்டது.

பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு, வேகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நேரடி அணுகல் மீட்புக்கும் அழிவுக்கும் மட்டும் உரியதில்லை. வங்கிக் கணக்குகளைத் தாங்கும் தரவுத்தளங்கள் தங்கள் நினைவகப் பிரதியைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். பணிசெயல் முறைமையும் இன்னொரு பிரதி வைத்தால் வீண். அதனால் லினக்ஸ் 2001 முதல் 'ஓ-டைரக்ட்' என்ற வழியைத் தருகிறது. லினஸ் டோர்வால்ட்ஸுக்கு இந்த வடிவமைப்பு பிடிக்கவே இல்லை. அவர் ஏசியது நிரலருக்கான கையேட்டிலேயே பல காலம் அச்சாகியிருந்தது. ஆயினும் இன்றுவரை அது உயிரோடுதான் இருக்கிறது. 2011இல் வேகமான எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்ஈ நியமம் வந்தபோது நிலைமை இன்னும் மாறியது. பழைய ஏஎச்சிஐ முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். என்விஎம்ஈயில் 65,000க்கு மேற்பட்ட வரிசைகள் சாத்தியம். தட்டு இவ்வளவு வேகமானபோது பணிசெயல் முறைமையே தாமதத்துக்குக் காரணமாகத் தெரியத் தொடங்கியது. இன்டெல் எஸ்பிடிகே என்ற பெயரில், டிரைவரையே கருநிலையிலிருந்து வெளியே எடுத்துப் பயனர் நிரலுக்குள் வைத்தது. லினக்ஸ் தரப்பில் அதே தாமதத்தைக் குறைக்க ஜென்ஸ் ஆக்ஸ்போ 2019இல் ஐஓ-யூரிங்கைக் கொண்டுவந்தார். இவற்றின் மூலநிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து வாசித்தாலும் கலிபோர்னியாவிலிருந்து வாசித்தாலும் அதே வரிகள்தான்.

அறிவியல் நகரில் 2014 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. பம்பைமடுவில் இருந்த அப்பல்கலைக்கழகத்தின் வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இரண்டிலும் கணினி படிக்கும் பிள்ளைகளில் பலர் இணையச் செயலிகள் எழுதப் பழகுகிறார்கள். வேலைச் சந்தை அதைக் கேட்கிறது, குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிலராவது லினக்ஸில் சிறியதொரு டிரைவரை எழுதிப் பார்க்கட்டும். நினைவகத்தில் சில மெகாபைட்டை ஒதுக்கி, அதைத் தட்டுபோல முறைமைக்குக் காட்டும் டிரைவரை எழுத ஒரு தவணை போதும். அதை எழுதியவர், ஷமூனும் டிடிரெஸ்கியூவும் நடந்த பாதையை உள்ளிருந்து பார்த்தவராவார்.

அரச அலுவலகங்களுக்கும் இதில் பங்குண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச முகிற்கணினி கப்பத் தீம்பொருளால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன, பாதிக்கப்பட்ட முகவரிகள் 5,000 வரை. காப்புப்பிரதிகளும் தாக்குதலுக்குள் அகப்பட்டிருந்தன. மேலே எங்கோ ஒரு முகிலில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று பிரதேச செயலகமோ பாடசாலையோ ஆறுதல் கொள்ள முடியாது. வலையமைப்பிலிருந்து கழற்றி வைக்கும் ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

தட்டில் நேரே எழுதுவதற்கும் நியாயமான இடம் உண்டு என்பதையும் மறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பும் பழைய மடிக்கணினிகள் பாடசாலைகளுக்கு வருகின்றன. அவற்றில் முன்னைய சொந்தக்காரரின் கடிதமும் படமும் கிடக்கும். நாங்கள் விற்கும் கணினியிலும் அப்படியே. சுழலும் தட்டானால் முதல் செக்டரிலிருந்து கடைசிவரை ஒருமுறை பூச்சியத்தால் நேரே எழுதிவிட்டால் போதும். எஸ்எஸ்டியானால் அதற்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். எழுதும் முன் எஸ்டிஏயா எஸ்டிபியா என்று உரக்கச் சொல்லி, பக்கத்திலிருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறினால் தப்பான தட்டு போய்விடும்.

மீட்டெடுப்பவருக்கும் கட்டுப்பாடு வேண்டும். ஒரு தட்டைத் தருகிறவர் தன் வீட்டை முழுவதுமாகத் திறந்து தருகிறார். போரின் பின்னர் இந்த ஊர்களில், தன்னைப் பற்றிய தகவல் யார் கையில் போகிறது என்ற பயம் இன்னும் ஆறவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாங்கள் பிடிக்கவேண்டிய ஒழுங்கு இவ்வளவுதான்: எழுத்தில் ஒப்புதல், சொந்தக்காரர் முன்னிலையில் திறத்தல், அவர் வேண்டாம் என்றால் நகலையும் அவர் கண்முன்னே அழித்தல். ஒருவர் ஒரு படத்தையும் யாருக்கும் காட்ட விரும்பவில்லை என்றால், ஏன் என்று கேட்கக்கூடாது.

இரு பல்கலைக்கழகங்களிடமும், இங்கே வந்திருக்கும் பாடசாலை அதிபர்களிடமும், பொது நூலகப் பொறுப்பாளர்களிடமும் என் வேண்டுகோள் பெரியதன்று. ஓர் அறை. அதில் ஐடிஇ, சாட்டா இரண்டுக்கும் பொருந்தும் யூஎஸ்பி மாற்றிகள் இரண்டு, எழுத்துத் தடுப்பி ஒன்று, நகல்களை வைக்கப் பெரிய தட்டுகள் சில, ஒரு யூபிஎஸ், லினக்ஸ் ஏற்றிய சாதாரணக் கணினி ஒன்று. மென்பொருளுக்குச் செலவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை திறந்துவைத்தால் போதும். தட்டு ஒன்றுக்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். 'டிக்' என்ற ஓசை நிற்காமலே வருகிற தட்டை இங்கே எடுக்க முடியாது, தூசியில்லா அறையுள்ள இடத்துக்கே போகவேண்டும் என்று நேர்மையாகச் சொல்லவேண்டிய நாட்களும் வரும்.

இன்று தட்டுகளைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அவற்றை இப்போது எந்தக் கணினியிலும் மாட்ட வேண்டாம். எந்த ஆண்டுக் கணினியிலிருந்து கழற்றியது, கடைசியாக எப்போது ஓடியது, நனைந்ததா, யாராவது ஃபோர்மட் செய்தார்களா என்று ஒரு தாளில் எழுதித் தட்டோடு கட்டி வையுங்கள். கூட்டம் முடிந்ததும் மாணவர் இருவரோடு அந்தத் தாள்களைப் பார்க்கிறேன்.